காப்பகத்துப் பாம்பா, பண்ணைக் குட்டியா?

பாம்பு வளர்க்க விரும்புவோர் இனப்பெருக்கம் செய்பவரிடம் குட்டியாக வாங்கலாம். அல்லது பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டு விலங்குக் காப்பகத்தை அடைந்த ஒன்றைத் தத்தெடுக்கலாம். குட்டியின் வயது தெரிந்திருக்கும்; ஆனால் அதன் குணம் எப்படி அமையும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். பால் பைத்தான் (ball python) எனும் மலைப்பாம்பு வகையின் குட்டிகளில் சில இரையைத் தொடவே மறுப்பதும் உண்டு.

காப்பகத்துப் பாம்பு பெரும்பாலும் வளர்ந்தது என்பதால் அதன் அளவில் ஐயமில்லை, உடல்நிலையில்தான் ஐயமெல்லாம். துருத்திய முதுகெலும்பு பட்டினியையும், கண்மேல் உரியாமல் தங்கிய பழைய தோல் ஈரப்பதக் குறைவையும், வாயைத் திறந்து மூச்சுவிடுவது சுவாசத் தொற்றையும் உணர்த்தக்கூடும். அந்தக் கண்தோலைப் பிய்க்க முயன்றால் கண்ணே கெடலாம். கூண்டின் ஈரப்பதத்தை உயர்த்தினால், அடுத்த தோலுரிப்பில் அது பெரும்பாலும் தானே கழன்றுவிடும். மெலிந்த பாம்புக்கு முதலில் நீரும் சரியான வெப்பமும், பிறகு சிறு இரையும் என்பதே முறை. வீட்டில் வேறு பாம்பு இருந்தால், உண்ணியும் நோயும் பரவாதிருக்க இரண்டு மூன்று மாதங்கள் தனியறையில் வைக்க வேண்டும் (புதுக் குட்டிக்கும் இதே விதிதான், பலர் மறந்துவிடுகிறார்கள்).

தத்துக் கட்டணம் குறைவாக இருந்தாலும் மருத்துவச் செலவு அதை விழுங்கிவிடக்கூடும். ஊர்வன மருத்துவர் அருகிலிருந்தால் என் தேர்வு காப்பகமே. முதன்முறையாக வளர்ப்பவர் மட்டும், அங்கேயே தேறி ஒழுங்காக உண்ணத் தொடங்கிய பாம்பைக் கேட்டுப் பெறுவது நல்லது.