தரமணி ரோஜா முத்தையா நூலகம்: பல்கலைக்கழகக் கூட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும்

பழைய தமிழ் அச்சு எதைத் தேடுகிறவர்களும் சென்னையில் முதலில் போக வேண்டிய இடம் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப்போகிற நூலகம் இல்லை, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். இலக்கியம், சித்த மருத்துவம், பழைய பத்திரிகைகள், நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையை யார் சேர்த்துவைப்பார்கள்? காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தார், தன் சொந்த ஆர்வத்தில், சொந்தக் காசில்.

இந்த இடம் உருவான விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் 1992-இல் காலமானார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது, நூல்களும் மற்றவையுமாக ஏறக்குறைய 1,00,000. வாங்கியதை அமெரிக்காவுக்குத் தூக்கிப்போகவில்லை. ‘மொழி’ என்ற அறக்கட்டளையோடு சேர்ந்து சென்னையிலேயே நூலகமாக்கி, இங்கிருப்பவர்களை வைத்தே நூற்பட்டியல் போட்டு, பக்கங்களைச் சிறிய படச்சுருளில் மைக்ரோஃபிலிமாக எடுத்து, 1996-இல் வாசகர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மூலத் தாள் நம்மிடம், படச்சுருளின் பிரதி அவர்களிடம். அப்புறம் நிர்வாகத்துக்கென்று இங்கேயே தனி அறக்கட்டளையும் வந்தது. 2007-இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் துணையோடு சிந்துவெளி ஆய்வு மையமும் தொடங்கினார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது, பழைய பதிவேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்தார்கள், பெரியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள், கிளம்பினார்கள், இன்றுவரை ஒரு பிரதிகூட வரவில்லை. ஊர்க்காரர்களை வெறும் தகவல் தருகிறவர்களாக வைத்துக்கொண்டு அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர் வைப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. பொருள் யாரிடம் இருக்கும், நகல் யாருக்கு, திட்டப் பணம் தீர்ந்த பிறகு யார் நடத்துவார்கள், இந்த மூன்றையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். மறுத்தால் கதவைத் திறக்காதீர்கள்.

சரி, நூலகத்துக்கு வருகிறேன். பொழுதுபோக்காக ஒரு நாவல் படிக்க நினைப்பவர்களுக்கு இது தோதுப்படாது. ஆய்வு மாணவர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், தாத்தா நடத்திய சிற்றிதழைத் தேடுகிறவர்கள் கட்டாயம் போங்கள். இணையத்தில் நூற்பட்டியல் இருக்கிறது, வேண்டியதை வீட்டிலேயே தேடிக் குறித்துக்கொண்டு, வேலை நேரத்தையும் விசாரித்துவிட்டுப் போனால் அரை நாள் மிச்சம்.