‘டமாஸ்கஸ் வைக்கிங் கத்தி’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

“கையால் அடித்த டமாஸ்கஸ் சாக்ஸ், மான்கொம்புப் பிடி, முழு நீளக் காம்பு, கடினம் 58–60 எச்.ஆர்.சி.” இப்படி எழுதித்தான் ஓர் இணையக் கடை விற்றது. (சாக்ஸ் என்பது பழங்கால வட ஐரோப்பியக் கத்தி வகை. காம்பு என்பது அலகிலிருந்து பிடிக்குள் நீளும் பகுதி. எச்.ஆர்.சி. என்பது எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவு.) வந்து சேர்ந்த கத்தியில் இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. இதே படத்தோடு வேறு கடைகளும் விற்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அலகின்மேல் தெரியும் அலைக்கோடுகள், அதாவது வரி. அசல் டமாஸ்கஸில், அதாவது பல அடுக்கு எஃகைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய அலகில், வரி உலோகத்துக்குள்ளேயே ஓடும். முதுகிலும் தெரியும், கூர் வைத்த சரிவிலும் இறங்கும். இதன் முதுகு வெறுமையாக இருந்தது. பிடியை ஒட்டி நகம் அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்ததும் வரி காணாமல் போனது. அசலைத் தேய்த்தாலும் மங்கத்தான் செய்யும், ஆனால் உலோகத்தை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைத் தடவினால் நிக்கல் கலந்த அடுக்கு வெளுத்து நிற்க, மற்றது கறுத்து, வரி திரும்ப எழும்பும். இதில் தடவிய இடம் முழுக்க ஒரே சாம்பல் நிறம்.

எஃகாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. சரியாகப் பதம் ஏறிய கூரில் அரத்தை மெல்ல இழுத்தால் பெரும்பாலும் வழுக்கும். இதில் சுலபமாகத் துகள் எடுத்தது. காய்ந்த மரத்தைக் கொஞ்சம் செதுக்கியதுமே கூர் மடிந்து, விளக்கொளியில் வெள்ளைக் கோடாக மின்னியது.

பெரிய ஆபத்து காம்பில்தான். சிறு விறகைப் பிளக்க முதுகில் கட்டையால் தட்டியபோது அலகு பிடியைவிட்டுத் தெறித்தது. உள்ளே விரற்கணு நீளத்துக்கு ஒரு காம்பு, அதன் நுனியில் வெல்டிங் வைத்த மரைக்கம்பி, சுற்றிலும் எபாக்சி பசை. முறிந்தது வெல்டிங் ஓரத்தில். அதிகக் கரி உள்ள எஃகை முன்சூடு இல்லாமல் வெல்டிங் செய்தால் அந்த ஓரம் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அடியின் அதிர்ச்சியும் அங்கேதான் போய்ச் சேரும். பிடியின்மேல் காந்தம் வைத்துப் பார்த்தாலும் இந்த ஒட்டு பிடிபடாது, கம்பியும் இரும்புதானே. பிடிக்குள் நுழையும் ஒல்லிக் காம்பு குறையே அல்ல. வைக்கிங் காலத்துச் சிறு கத்திகளும் மரம் செதுக்கும் இன்றைய நார்வே கத்தியான தொல்லெக்னிவும் அப்படிப்பட்டவைதான். அலகும் காம்பும் ஒரே துண்டாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நல்ல தொல்லெக்னிவில் காம்பு பிடியின் மறுமுனை வரை வந்து, தகட்டின்மேல் தட்டி இறுக்கப்பட்டிருக்கும்.

பிடி மான்கொம்பு அல்ல, அச்சில் வார்த்த ரெசின் (செயற்கைப் பிசின்). மான்கொம்பை அறுத்த முனையில் நடுப்பகுதி நுண்துளைகளோடு தெரியும். இதில் அச்சுக் கோடு தெரிந்தது.

சேகரிப்பவர்களுக்கு இன்னொன்று. இந்தக் கத்திபோல முதுகு சட்டென்று சாய்ந்து முனைக்கு இறங்கும் வடிவம் பெரும்பாலும் ஆங்கிலோ-சாக்ஸன் மரபு, அதாவது பழைய இங்கிலாந்து மக்களுடையது. 1857-ல் தேம்ஸில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பியக்னொத் சாக்ஸ் அந்த வகை. அதை வைக்கிங் கத்தி என்று விற்கிறவருக்குச் சரக்கு தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

கடைக்கு எழுதியதற்கு, “பயன்படுத்திய பொருள், திரும்பப் பெற முடியாது” என்று பதில். ஆகவே பணம் கட்டும் முன்பே, பிடி மாட்டாத நிலையில் அலகும் காம்பும் சேர்ந்த படத்தையும், முதுகை நேர்மேலிருந்து எடுத்த படத்தையும் கேளுங்கள். விளம்பர வாசகத்தைப் படம்பிடித்து வையுங்கள். பார்சல் வந்ததும் முதுகையும் பிடியின் முனையையும் கண்ணால் மட்டும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தீட்டாமல், தேய்க்காமல், வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.