எடையைக் கேட்காமல் சாப்பாட்டு அட்டவணை தரும் கோச்சிடம் பணம் கட்டாதீர்கள்

கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படியுங்கள்.

என் தம்பிக்கு 27 வயது. 84 கிலோ, 172 சென்டிமீட்டர். தொப்பை குறையணும், உடம்பும் ஏறணும் என்று அங்கே ஒரு ஜிம்மில் மூன்று மாத பேக்கேஜுக்கு 1,800 வெள்ளியை (ரிங்கிட்) மொத்தமாகக் கட்டினான். கோச் அவனை எடை மெஷினில்கூட ஏற்றவில்லை. ஒரு தாளைக் கொடுத்தார். பெயர் எழுதும் இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் தம்பி பெயர். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் ஒரு பெண்ணின் பெயரும் 56 கிலோ என்பதும் தெரிகிறது!

அதில் இருப்பது நாளுக்கு 1,000 கலோரி. காலையில் ஓட்ஸ், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு; மதியம் உள்ளங்கை அளவு அவித்த கோழி; ராத்திரி வெள்ளரியும் ஆப்பிளும்.

ஒருவருக்கு எத்தனை கலோரி வேண்டும் என்ற கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. கிலோவில் எடையை 10ஆல், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, 5 கூட்டுங்கள். பெண்களென்றால் 5 கூட்டாமல் 161 கழிக்க வேண்டும். தம்பிக்கு 1,785 வருகிறது. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிப்பது அவ்வளவு. வேலை, ஜிம் எல்லாம் சேர்த்தால் 2,500 பக்கம். அதில் 500 குறைத்து 2,000 சாப்பிட்டால் கொழுப்பு இறங்கும், தசை நிற்கும். ஆனால் எடைக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் புரதம் வேண்டும். அவனுக்கு 135 கிராம். அந்தத் தாளில் இருப்பது ஐம்பதைத் தொட்டாலே அதிகம்.

எடை இறங்கியது உண்மை. கூடவே பெஞ்ச் பிரஸ்ஸில் தூக்கிய பாரமும் இறங்கியது. எல்ஆர்டி ரயில் நிலையப் படி ஏறினால் தலைசுற்றல். கேட்டதற்கு, "கெட்ட கொழுப்பு கரையுது தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்று 180 வெள்ளிக்கு ஒரு கேப்சூல் பாட்டிலையும் விற்றார். அதைப் போட்டதும் நெஞ்சு படபடப்பு, ராத்தூக்கம் இல்லை. கிளினிக் டாக்டர் பாட்டிலைப் பார்த்த உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பாட்டிலில் சுகாதார அமைச்சில் பதிந்ததைக் காட்டும் எம்ஏஎல் எண்ணும் இல்லை, ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. "புரோட்டீன் பவுடருக்கே அந்த நம்பர் கிடையாது" என்று கோச் சமாளித்தார். பவுடர் உணவுக் கணக்கில் வருவது. கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் கேப்சூலைச் சுகாதார அமைச்சில் பதிந்தே ஆக வேண்டும். பதியாத மெலிவு மாத்திரைகளில் சிபுட்ராமின் கலந்திருந்து பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தினால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதைக் காட்டினார்கள். பொருள், சேவை வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கும் பயனீட்டாளர் திரிபுனலில் புகார் போட்டுவிட்டோம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை கேட்கலாம். விசாரணைக்குக் காத்திருக்கிறோம். இதே மாதிரித் தாள் உங்களிடமும் இருந்தால் ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். கேப்சூலை நிறுத்திவிட்டு, பாட்டிலைக் கடாசாமல் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.