டீமெர்ஜரா, ஸ்லம்ப் சேலா: ஷூ யூனிட்டைத் தனியாகப் பிரிக்க எது நல்லது?

தோல் பதனிடும் டேனரியும் ஷூ யூனிட்டும் ஒரே கம்பெனிக்குள் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஷூ யூனிட்டில் மட்டும் பணம் போட வருகிறார். என்ன செய்வது? பழைய வடஆற்காட்டுத் தோல் குடும்பங்களில் அடிக்கடி எழுகிற கேள்வி இது. எங்கள் வீட்டுக் கம்பெனியில் இத்தாலியப் பங்குதாரர் ஒருவருக்காக இதைச் செய்து முடித்தோம். டேனரி ராணிப்பேட்டைப் பக்கம், ஷூ யூனிட் வேலூர்ப் பக்கம். 2019இல் மாவட்டத்தையே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், கம்பெனியைப் பிரிப்பதா கஷ்டம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். கடைசியில் தேர்ந்தெடுத்தது டீமெர்ஜர். அதனால் இந்த அலசலில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தலைப்பில் உள்ள இரண்டையும் தவிர, இருக்கிற கம்பெனியிலேயே புதுப் பங்கு வெளியிட்டு அவரைச் சேர்த்துக்கொள்வது மூன்றாவது வழி. செலவு குறைவு, வேலையும் சுலபம். ஆனால் அவருடைய வக்கீல்கள் கேட்ட முதல் கேள்வியே டேனரிக் கழிவால் மாசுபட்ட பாலாறு பற்றியதுதான். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பை அவர்கள் ஏற்கெனவே படித்து வைத்திருந்தார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது நம் ஊர் டேனரிகளை வைத்துத்தான். 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் கடுமையாக உத்தரவிட்டது. டேனரி உள்ள கம்பெனியில் பங்கு வாங்கினால் அந்தப் பொறுப்பின் சுமை அவர் போட்ட பணத்தின் மேலும் விழும். அவர் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆக, இந்த வழி அங்கேயே முடிந்தது.

மிச்சம் இரண்டு. ஸ்லம்ப் சேல் என்றால் ஷூ யூனிட்டை அப்படியே, சொத்து கடன் எல்லாம் சேர்த்து, தனித்தனி விலை போடாமல் மொத்தமாக ஒரு தொகைக்குப் புதுக் கம்பெனிக்கு விற்பது. டீமெர்ஜர் என்றால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் திட்டம் தாக்கல் செய்து, ஆணை மூலம் யூனிட்டைப் புதுக் கம்பெனிக்கு மாற்றுவது. புதுக் கம்பெனியின் பங்குகள் பழைய கம்பெனியின் பங்குதாரர்களுக்கே அவரவர் விகிதப்படி கிடைக்கும். வெளிநாட்டுப் பணம் அதன் பிறகுதான் உள்ளே வரும்.

வேகத்தில் ஸ்லம்ப் சேலை அடிக்க முடியாது. இயக்குநர் குழு, பங்குதாரர் தீர்மானம், வங்கியின் சம்மதம், ஒப்பந்தம். எல்லோரும் ஒத்துழைத்தால் ஓரிரு மாதங்களில் முடியும். விற்ற பணமும் நேராகப் பழைய கம்பெனிக்கே வரும். நடந்துகொண்டிருக்கும் தொழிலாக முழுமையாக மாற்றினால் ஜிஎஸ்டி கிடையாது, மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவையும் ஐடிசி 02 படிவம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். டேனரியை விரிவுபடுத்தக் கையில் பணம் தேவைப்படுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

வரி என்று வந்தால் டீமெர்ஜர் பக்கம்தான் சாயும். சொத்து கடன் எல்லாம் கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பிலேயே போக வேண்டும், மதிப்பில் முக்கால் பங்கு வைத்திருப்பவர்கள் புதுக் கம்பெனியிலும் தொடர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மூலதன ஆதாய வரி வராது. அந்த யூனிட்டின் பழைய நஷ்டமும் கூடவே போகும். ஸ்லம்ப் சேலில் நஷ்டம் போகாது. நீண்ட காலம் நடத்திய யூனிட் என்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் உண்டு. தாத்தா காலத்தில் வாங்கிய நிலம் உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். புத்தகத்தில் நிலம் சில ஆயிரங்களாக இருக்கும். வரித்துறை 2021 முதல் நியாயச் சந்தை மதிப்பைப் பார்க்கிறது, அதில் நிலத்துக்கு முத்திரைத் தீர்வைக்கான மதிப்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. நிலத்துக்குக் கிரயப் பத்திரம் போட்டால் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் தனி. தீர்ப்பாய ஆணைக்கும் முத்திரைத் தீர்வை உண்டு, அது இலவசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் எங்களை டீமெர்ஜருக்குத் தள்ளியது வரி இல்லை. அனுமதிகள்.

ஒரு ஷூ யூனிட் எத்தனை காகிதங்களின் மேல் நிற்கிறது என்று அதைப் பிரிக்கப் போகும்போதுதான் தெரியும். தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, தீயணைப்புத் துறைச் சான்று, பிஎஃப், இஎஸ்ஐ எண்கள், மின் இணைப்பு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, வெளிநாட்டு பிராண்டுகள் நடத்திய தணிக்கைகளின் சான்றுகள். ஸ்லம்ப் சேலில் இவை ஒவ்வொன்றுக்கும் வாங்குகிற கம்பெனி புது ஆள். ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமங்களும் மாறும்’ என்று எழுதலாம்தான். அந்த ஒப்பந்தம் அரசு அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், ‘விற்றுவிட்டீர்கள், அவர்களைப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்’ என்று சொல்ல உரிமை உண்டு. தீர்ப்பாய ஆணையோடு போனால் பேச்சு வேறு மாதிரி. யூனிட் சட்டத்தின் பலத்தால் மாறியிருக்கிறது, பெயரை மட்டும் திருத்திக் கொடுங்கள் என்று கேட்கிறோம். அலைச்சல் அப்போதும் உண்டு, ஒவ்வொரு படியும் ஏறத்தான் வேண்டும். ஆனால் இடையில் உரிமம் இல்லாமல் உற்பத்தி லைன் நிற்கும் ஆபத்து குறைவு. சீசன் ஆர்டர் கையில் இருக்கும்போது லைன் நின்றால் வரியில் மிச்சப்படுத்தியதெல்லாம் தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்பும் கட்டணத்துக்கே போய்விடும்.

இதில் மிகச் சிக்கலானது இபிசிஜி என்ற ஏற்றுமதி ஊக்கத் திட்டம். தைக்கிற மெஷின்களையும், ஷூவுக்கு அச்சில் வடிவம் கொடுக்கும் லாஸ்டிங் மெஷின்களையும் சுங்க வரி இல்லாமல் இறக்கியிருப்போம். பதிலுக்கு மிச்சமான வரியைப்போல் 6 மடங்கு மதிப்புக்கு 6 ஆண்டுகளில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். அதுவரை அந்த மெஷினை இறக்கியவரே பயன்படுத்த வேண்டும், விற்கக் கூடாது. ஸ்லம்ப் சேல் என்ற பேரிலேயே விற்பனை இருக்கிறது. கடமை முடியாத மெஷின்கள் இருந்தால் முதலில் வரியை வட்டியோடு கட்டு என்ற பேச்சு வரலாம். டீமெர்ஜரிலும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடம் (டிஜிஎஃப்டி) போய்ப் பதிவைத் திருத்தத்தான் வேண்டும், கடமையும் புதுக் கம்பெனியின் தலைக்கு வரும். ஆனால் ‘ஏன் விற்றீர்கள்’ என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எங்களுக்கு நிலுவை கொஞ்சம்தான் இருந்தது. அதிகம் வைத்திருப்பவர்கள் இதற்கென்றே ஒரு சுங்க வக்கீலிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்கள் விஷயம். குடியாத்தம், பேரணாம்பட்டு கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள்தான் லைனில் அதிகம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ‘சர்வீஸ் போயிடுமா சார்?’ சட்டப்படி இரண்டு வழியிலும் பாதுகாப்பு ஒன்றுதான். சர்வீஸ் முறியாமல், சம்பளமும் சலுகைகளும் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நஷ்டஈடு. கிராஜுவிட்டிக்குப் பழைய வருஷங்களும் சேரும். ஆனால் இரண்டு நிர்வாகங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தைத் தொழிலாளி எங்கே பார்க்கப் போகிறார்? தீர்ப்பாய ஆணையின் அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட முடிந்தது. சங்கத்தோடு பேச்சுவார்த்தை அதனால் சுருக்கமாக முடிந்தது.

டீமெர்ஜரின் தொல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஆகும் என்று வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வருமான வரித்துறை, கம்பெனிப் பதிவாளர், கம்பெனி விவகாரத் துறையின் மண்டல இயக்குநர் என்று எல்லோருக்கும் நோட்டீஸ் போகும், ஆட்சேபம் சொல்ல 30 நாள் உண்டு. கடன் கொடுத்தவர்களில் மதிப்பில் 90 சதவீதம் பேர் சம்மதப் பத்திரம் தந்தால் அவர்கள் கூட்டத்தைத் தவிர்க்கலாம். வங்கி சுலபம். சோல் சப்ளையர், கெமிக்கல் கடை, அட்டைப்பெட்டிக்காரர் என்று சின்னச் சின்ன ஆட்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் பாடு. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ‘கம்பெனியை மூடறீங்களா?’ என்று போன் வரும், பாக்கியை உடனே கேட்பார்கள். அதற்குக் கொஞ்சம் ரொக்கம் ஒதுக்கி வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் விதிகளைத் திருத்தி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத, 200 கோடி ரூபாய்க்குள் கடன் உள்ள கம்பெனிகளுக்கு மண்டல இயக்குநர் வழியாகவே முடிக்கும் விரைவுப் பாதையைத் திறந்திருக்கிறார்கள். நாங்கள் போனது பழைய பாதை.

பாலாற்றுப் பொறுப்பைக் கழற்றிவிட டீமெர்ஜர் ஒரு தந்திரம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படி நினைத்து வந்தால் எந்த நல்ல வக்கீலும் கையெழுத்துப் போட மாட்டார். டேனரியின் பொறுப்பு டேனரி வைத்திருக்கும் கம்பெனியோடுதான் இருக்கும். அந்தக் கம்பெனியை வெறும் கூடாக விட்டுவிட்டு நல்ல சொத்தையெல்லாம் இந்தப் பக்கம் நகர்த்தினால் தீர்ப்பாயமே கேள்வி கேட்கும். எங்கள் வக்கீல், டேனரிகளின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டணத்தையும் வரக்கூடிய நஷ்டஈட்டையும் தாங்கும் அளவுக்கு டேனரி கம்பெனியில் சொத்து இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

வெளிநாட்டுப் பக்கத்து வேலை இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். காலணி உற்பத்திக்கு 100 சதவீதம் வரை முன் அனுமதி வேண்டாம். பங்கு விலை நியாய மதிப்புக்குக் குறையக் கூடாது. பணம் வந்து 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியில் படிவம் போட வேண்டும். இத்தாலிக்காரர் முதலில் தன் ஹாங்காங் கம்பெனி வழியாகப் போடுவதாகச் சொன்னார். 2020 ஏப்ரல் விதிப்படி இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி தேவை, ஹாங்காங்கும் அதில் மாட்டும் என்று வக்கீல் தடுத்ததால் மிலானிலிருந்தே நேராக வந்தது.

எல்லோருக்கும் டீமெர்ஜர் பொருந்தாது. ஆம்பூர்ப் பக்கம் வாடகைக் கட்டடத்தில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் மட்டும் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட், சொந்த நிலம் இல்லை, இபிசிஜி பாக்கி இல்லை, பங்குதாரர் இந்த சீசனுக்குள் வர வேண்டும் என்கிறார் என்றால் நானே ஸ்லம்ப் சேல்தான் சொல்வேன். சரி, எந்த வழி என்றாலும் வக்கீலைப் பார்க்கப் போகுமுன் உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து, எந்த உரிமம் யார் பெயரில், எதுவரை என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள். அந்தப் பட்டியலைக் கேட்காமலேயே வரியை மட்டும் பேச ஆரம்பிக்கிற வக்கீல் என்றால், இன்னொருவரையும் பார்ப்பது நல்லது.