பாத்ரூம் டைல்ஸுக்குப் பின்னாடி ஓதம்: உடைச்சு செஞ்சு மூணு வருஷம் ஆச்சு, இப்ப எப்படி இருக்கு

செவுத்துல ஓதம்னு சொன்னாலே டைல்ஸ் ஜாயிண்ட்ல எபாக்ஸி (தண்ணி இறங்காத பிசின் கலவை) அடைங்க சரியாயிடும்னு சொல்லிடுறாங்க, தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி டைல்ஸை ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க. எங்க வீட்ல ஷவர் பக்கம் முட்டி உயரத்துக்குக் கீழ எல்லாமே பொள்ளுன்னு சத்தம் வந்துச்சு. அந்த செவுத்துக்கு மறுபக்கம் பெட்ரூம், அங்க பெயிண்ட் கொப்புளமா கெளம்பி தொட்டா உப்பு உப்பா உதிரும், எத்தனை தடவை பட்டி பார்த்து அடிச்சாலும் ஐப்பசி மழைக்கு மறுபடியும் பூத்துடும்.

பிளம்பர் பைப்புக்கு பிரஷர் டெஸ்ட் போட்டார், லீக் இல்ல. சரின்னு ஒரு டைலை நெம்பினா முழுசா கையோட வந்துடுச்சு, பின்பக்கம் நடுவுல வடை மாதிரி ஒரு சிமெண்ட் உருண்டை, நாலு மூலையும் காலி. வெள்ளை சிமெண்ட் ஜாயிண்ட் வழியா இறங்குற தண்ணி அந்தக் காலி எடத்துலதான் தேங்கி நிக்குது, பின்னாடி பூச்சு நகத்தால சுரண்டினா ஈர மணலா கொட்டுது. அதுவும் விட்ரிஃபைடு டைல், அது 0.5 சதவீதத்துக்கு மேல தண்ணியே குடிக்காது, வெறும் சிமெண்ட் அதுல எப்படிப் பிடிக்கும்?

செங்கல் வரைக்கும் பூச்சை எடுத்துட்டு நல்லா காயவிட்டு, புதுசா பூசி ஏழு நாள் தண்ணி காட்டினோம். அதுக்கு மேல பவுடரும் லிக்விடும் கலக்குற வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், ஒரு கோட் மேல கீழ, அது காஞ்சதும் ரெண்டாவது குறுக்க, மூலையில எல்லாம் ஃபைபர் மெஷ். ஷவர் செவுத்துக்கு ஏழு அடி உயரம், மத்த செவுத்துக்கு ஒரு அடி. தரையில 48 மணி நேரம் தண்ணி கட்டி நிறுத்திப் பார்த்துட்டுதான் டைல்ஸ். கொத்தனார் சிமெண்ட் பால் போதும் சார்னுதான் சொன்னார், நான் டைல் ஒட்டுறதுக்குன்னே வர்ற பசை, டைல் அடெசிவ்தான் வேணும்னு நின்னேன், பல்லு வச்ச கரண்டியால இழுத்து ஒட்டின முதல் டைலை உடனே பிரிச்சுக் காட்டச் சொன்னேன், பின்பக்கம் முழுக்க பிடிச்சிருந்துச்சு, அப்புறம் அவரே அதே மாதிரி செஞ்சார். ஜாயிண்ட் 2 மில்லிமீட்டர் விட்டு எபாக்ஸி.

இப்ப எங்க தட்டினாலும் கெட்டியான சத்தம்தான், பெட்ரூம் செவுத்துல உப்பு இல்ல. குறைன்னா எபாக்ஸி வெள்ளை கொஞ்சம் பழுப்பாயிடுச்சு, தரையும் செவுரும் சேர்ற மூலையில மயிரிழை மாதிரி விரிசல் விட்டுச்சு, அங்க சிலிகான் போட்டாச்சு, அந்த சிலிகான் கருப்படிச்சா வெட்டி எடுத்து புதுசா போடணும். செலவு சாதாரண சிமெண்ட் வேலைய விட நல்லாவே கூட, அதுலயும் மாடியில இருந்து கட்டட குப்பை இறக்குற கூலிய முன்னாடியே பேசிடுங்க.

பெட்ரூம் பக்கம் பழைய பட்டிய சுரண்டிட்டு சில மாசம் அப்படியே காயவிடுங்க, செங்கல்ல இருக்குற ஈரம் மெதுவாத்தான் வெளிய வரும், அவசரப்பட்டு அடிச்சா பெயிண்ட் நிக்காது. அங்கொண்ணு இங்கொண்ணு மட்டும் பொள்ளா இருந்து மறுபக்கம் காய்ஞ்சிருந்தா முழுசா உடைக்க வேணாம், அந்த டைலை மட்டும் எடுத்து அடெசிவ்ல ஒட்டினாலே போதும்.