பூங்காவுக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ்

விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிடும். மால், மிருகக்காட்சிசாலை, உள்ளரங்க விளையாட்டு எல்லாம் ஒரு சுற்று வந்தாயிற்று. இப்போது எட்டு மாதமாக நாங்கள் அதிகம் போவது நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பூங்காவுக்குத்தான். அதுவும் பிள்ளைகளே கேட்டு. காரணம் ஒரு மடக்கு லென்ஸ்.

வட்டக் கண்ணாடி, 2 சென்டிமீட்டர்தான் குறுக்களவு, உலோக உறைக்குள் மடங்கிக்கொள்ளும். நகைக்கடையில் கல்லைச் சோதிக்கக் கண்ணருகே பிடிப்பார்களே, அந்த வகை. முதலில் நான் வாங்கியது பிள்ளைகளுக்கென்று விற்கும் கைப்பிடி வைத்த பெரிய பூதக்கண்ணாடி. அது இரண்டு, மூன்று மடங்குதான் பெரிதாக்கும். எறும்பு கொஞ்சம் பெரிய எறும்பாகத் தெரியும், அவ்வளவுதான். பத்து மடங்கில் செத்த எறும்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும், காலில் ரோமம் இருக்கும், தலைக்கு முன்னால் தாடை நீட்டிக்கொண்டிருக்கும். என் ஆறு வயது மகன் அன்று ஒரே எறும்பைப் பத்து நிமிஷம் பார்த்தான்.

வாங்கும்போது மேலே பொறித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். எனக்கு வந்த ஒன்றில் 30 மடங்கு என்று போட்டிருந்தது. சந்தேகப்பட்டு அளந்தேன். அறைக்குள் சுவரருகே லென்ஸைப் பிடித்து, எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரம் சுவரில் குட்டியாகத் தலைகீழாகத் தெளிவாக விழும்வரை நகர்த்தினேன். லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவே 2.5 சென்டிமீட்டர். கண் சிரமமில்லாமல் தெளிவாகப் பார்க்கும் கிட்டத்தூரம் என்று வைத்துக்கொள்ளும் 25 சென்டிமீட்டரை அந்தத் தூரத்தால் வகுத்தால் மடங்கு கிடைத்துவிடும்: பத்துதான். லென்ஸ் நல்ல லென்ஸ், எண்தான் பொய். பத்தே போதும். அதற்கு மேல் போனால் தெரியும் வட்டம் சுருங்கி, கை நடுக்கம் பெரிதாகி, பிள்ளைகளுக்கு ஒன்றும் பிடிபடாது. ஓரத்தில் வானவில் விளிம்பு விழாமல் பார்க்க வேண்டுமென்றால், மூன்று கண்ணாடி சேர்த்து ஒட்டிய வகை கேட்டு வாங்குங்கள்.

பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் லென்ஸ் வாங்கியே பயனில்லை. எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டித்தான் பிடிப்பார்கள். மங்கலாகத் தெரியும், உடனே சலித்துவிடும். லென்ஸைப் புருவத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மறு கையில் இருக்கும் இலையை மெதுவாகக் கண்ணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். ஒரு கணத்தில் சட்டென்று தெளியும். மரத்தைப் பார்ப்பதென்றால் நாம்தான் முகத்தை மரத்தருகே கொண்டுபோக வேண்டும். ஒரு கண்ணை மூடச் சிரமப்படும் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பூங்காவில் எங்களுக்கு அதிகம் பிடித்தது மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும் லைக்கன். வெறும் கண்ணுக்கு அது காய்ந்த சுண்ணாம்புக் கறை. மகள் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள குட்டிக் குட்டிக் கிண்ணமா இருக்கு" என்றாள். பூஞ்சை தன் வித்துக்களை உண்டாக்கும் கிண்ணங்கள் அவை. லைக்கன் என்பது ஒற்றை உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற இடம். காற்றில் கந்தக டைஆக்சைடு கூடினால் பல வகை லைக்கன்கள் செத்துவிடும். 1866-இல் வில்லியம் நைலாண்டர் என்ற தாவரவியலாளர் பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைப் பார்த்து, அவற்றைக் கொண்டு காற்றின் தூய்மையை அறியலாம் என்று எழுதினார். இதைச் சொன்னதும் இருவரும் சாலையோர மரங்களையும் உள்ளே குளக்கரை மரங்களையும் மாறி மாறிப் பார்க்க ஓடினார்கள். சாலைப் பக்கம் பட்டை வெறுமையாக இருந்தது. வெயிலும் ஈரமும்கூடக் காரணமாக இருக்கலாம் என்றேன். அப்படியானால் அடுத்த வாரம் ஒரே வகை மரமாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் மகள். அந்த நிமிஷத்துக்காகவே இந்த லென்ஸை நான் யாருக்கும் சொல்லுவேன்.

பஸ் வரத் தாமதமானாலும் வேலை இருக்கிறது. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அச்சிட்ட சுவரொட்டியில் ஒரு முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் நிறம் என்று அங்கே ஒன்றுமே இருக்காது, நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள்தான். அப்புறம் செல்போன் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன்மேல் பார்க்கலாம். வெள்ளை மறைந்து சிவப்பு, பச்சை, நீலத் துகள்கள் தெரிய ஆரம்பிக்கும். திரைக்குத் திரை அவற்றின் அடுக்கு மாறும்.

குறையும் உண்டு. ஓடுகிற, பறக்கிற எதையும் இதில் பிடிக்க முடியாது. சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் உபயோகமில்லை. சில்லறையோடு பையில் போட்டால் கீறிவிடும். தூசியை ஊதிவிட்டுத்தான் துணியால் துடைக்க வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, வெயிலில் திறந்துபோட்டு வைக்கவும் கூடாது, கீழே கிடக்கும் சருகு பற்றிக்கொள்ளும். அடுத்தது கயிறு. தொலையாமலிருக்க முதலில் கழுத்தில்தான் மாட்டிவிட்டேன். சறுக்குமரத்தில் கயிறு சிக்கினால் கழுத்தை இறுக்கும் என்று பிறகுதான் உறைத்தது. இப்போது சின்னக் கயிற்றுத் துண்டில் கட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுகிறோம். ஊஞ்சல் பக்கம் ஓடும்போது இரண்டு லென்ஸும் என் கைக்கு வந்துவிடும். ஆமாம், இரண்டு. பிள்ளைக்கு ஒன்றாக வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் "என் முறை, என் முறை" என்ற சண்டையில் எறும்பு போய்விடும்.