பித்தளைன்னு சொல்லி ஈயத்த தலைல கட்டுறாங்க, மாடல் கார் பண்றவங்க பாத்து வாங்குங்க

டெல்டா பக்கம் ஸ்கேல் மாடல் கார் பண்றவங்களே கொஞ்சம் பேருதான், அதுலயும் பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டாம தகடு வெட்டி, ராடு கடைஞ்சு எல்லாத்தையும் கையாலயே செய்யறவங்கன்னு பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம், அதனால சுத்தி வளைக்காம நேராவே சொல்லிடறேன். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் சின்ன சைஸ்ல பம்பர், கிரில், வீல் கப்பு, டோர் ஹேண்டில்னு "சுத்தப் பித்தளை, முழுக்க கைவேலை" னு சொல்லி ஆர்டர் எடுக்கற ஒரு பட்டறைக்காரர் இருக்காரு. கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம், திருவாரூர் பக்கம் இருக்கறவங்க அவருக்கு அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுடுங்க. பேரு போடல, கம்ப்ளைன்ட் போயிட்டிருக்கு, ஆனா அவர் பேசற விதத்த சொன்னாலே வாங்கினவங்களுக்கு யாருன்னு புரிஞ்சுடும்.

நான் பண்ணிட்டிருக்கறது 1:12 ல ஒரு அம்பாசடர் மார்க் 2. அசல் வண்டியோட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், 2464 மில்லி, 12ஆல வகுத்தா 205 சொச்சம், அந்த கணக்குல சேஸ், பாடி எல்லாம் தகட்டுல வெட்டி சால்டர் பண்ணி முடிச்சாச்சு. மிச்சம் இருந்தது பளபளன்னு தெரியற சாமான்தான், முன்னாடி பின்னாடி பம்பர், கிரில், நாலு வீல் கப்பு. வீட்ல லேத் கிடையாது, வீல் கப்பு நாலும் அச்சு அசலா ஒரே மாதிரி வரணும், அதான் வெளில குடுக்கலாம்னு இருந்தப்ப இவரு கான்டாக்ட் கிடைச்சுது.

ஆளு பேச்சுல கெட்டிக்காரரு. "தம்பி, நாங்க சுவாமிமலை சிலை வேலை பரம்பரை, மெழுகுல செதுக்கி வார்க்கற கை இது, காருக்கு ஒரு பம்பர் எங்களுக்கு ஒரு வேலையா" ன்னாரு. நான் "அண்ணே, எனக்கு வார்ப்பு வேணாம், தகட்டுலயும் ராடுலயும் செஞ்சு குடுங்க, பின்னாடி நான் பிராக்கெட் சால்டர் பண்ணணும்" னு தெளிவா வாட்ஸாப்ல எழுதியே அனுப்பினேன். "பண்ணிடலாம் தம்பி" ன்னாரு. அளவு போட்ட டிராயிங், அசல் வண்டியோட போட்டோ எல்லாம் அனுப்பினேன். மொத்தம் 14,000 ரூபா பேசி பாதிய ஜிபே பண்ணியாச்சு. அவர் காமிச்ச சாம்பிள் போட்டோவ இப்ப பெருசு பண்ணிப் பாத்தா கிரில் மூலைல சால்டர் வழிஞ்சு அரத்தால தேச்ச தடம் நல்லாவே தெரியுது, அது நிஜமாவே யாரோ உக்காந்து கையால செஞ்ச வேலை. யார் செஞ்சதுன்னுதான் தெரியல.

மிச்சக் காசு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ அனுப்பினாரு. இங்கதான் எல்லாரும் கவனிக்கணும். வீடியோல ஒரு காந்தத்த பம்பர் மேல வச்சு எடுக்கறாரு, "பாருங்க ஒட்டல, இரும்பு கிடையாது" ங்கறாரு. அப்பறம் உள்ளங்கைல தூக்கிப் போட்டு "கனத்த பாருங்க, அலுமினியம் இந்த கனம் வருமா" ங்கறாரு. பாக்கறவனுக்கு திருப்தியா இருக்கும், மீதி 7,000 போயிடும். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஈயத்துலயும் (லெட்) காந்தம் ஒட்டாது, வெள்ளீயத்துலயும் (டின்) ஒட்டாது. கனத்துக்கு வந்தா, பித்தளையோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமாரா 8.4லேர்ந்து 8.7 கிராம், வெள்ளீயம் 60 பங்கு ஈயம் 40 பங்குன்னு கலந்தா அதுவும் கிட்டத்தட்ட 8.5 வந்து நிக்கும், ஆக தண்ணில முக்கி எடை போட்டாக்கூட சில கலவைய கண்டுபிடிக்க முடியாது. அவர் காட்டற ரெண்டு டெஸ்ட்டுமே இந்த கலவை சுலபமா பாஸாகற டெஸ்ட்டா பாத்து காட்டறாரு, அது தெரியாத்தனமா பண்ணதுன்னு என்னால நம்ப முடியல.

சாமான் வந்துச்சு. பேக்கிங் எல்லாம் அமர்க்களம். கைல எடுத்ததும் கிரில்லு முதல்ல உறுத்துச்சு. மார்க் 2 1962லேர்ந்து 1975 வரைக்கும் வந்த வண்டி, அதோட கிரில் பொடிப் பொடியா நெருக்கமா கட்டம் போட்டிருக்கும், மார்க் 3ல அந்த கட்டம் பெருசாயிடும், பழைய வண்டி வச்சிருந்த வீட்ல வளந்தவங்களுக்கு இது தூக்கத்துல கேட்டாலும் தெரியும். எனக்கு வந்தது பெரிய கட்டம். போட்டோவும் டிராயிங்கும் குடுத்தும் இப்படி. சரி கிரில்ல நானே செஞ்சுக்கலாம்னு வீல் கப்ப எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். நாலுலயும் ஒரே எடத்துல, நடு குமிழுக்கு பக்கத்துல, கடுகுல பாதி அளவு ஒரு மரு. நாலுலயும்! கையால கடைஞ்சா ஒண்ணுல வரும், இன்னொண்ணுல வராது. சுவாமிமலைல நிஜமா மெழுகு வச்சு வார்க்கறவங்க ஒவ்வொரு சிலைக்கும் தனித்தனியா மெழுகுல உருவம் பிடிச்சு, வண்டல் மண்ணு பூசி, மெழுக உருக்கி வெளியேத்தி அப்பறம்தான் உலோகம் ஊத்துவாங்க, ஆறினதும் மண்ணு அச்ச ஒடச்சுத்தான் எடுக்கணும், அதனாலதான் அங்க ஒரு சிலை மாதிரி இன்னொண்ணு இருக்காது. இந்த மரு சொல்றது வேற கதை, எதோ ஒரு கப்ப வச்சு ரப்பர்ல அச்சு எடுத்து, கவரிங் சாமானும் கீ செயினும் ஊத்தற மாதிரி வரிசையா ஊத்தித் தள்ளியிருக்காரு. பம்பரோட அடில நகத்த வச்சு இழுத்தா அச்சு ரெண்டும் சேந்த கோடு மயிரிழையா தட்டுப்படுது. அளவும் சுருங்கிடுச்சு, ரிம்மு 15 இஞ்ச், அதாவது 381 மில்லி, 1:12 ல 31.75 வரணும், அதுக்குத் தகுந்து நான் குடுத்த அளவுல ஒரு கப்பும் இல்ல, எல்லாமே ஒரே அளவுக்கு சிறுசு. ஒருத்தர் சாமான்லேர்ந்து ரப்பர் அச்சு எடுத்து காப்பி அடிச்சா இப்படித்தான் கொஞ்சம் சுருங்கி, ஓரமெல்லாம் மழுங்கி வரும்.

இருந்தாலும் பித்தளையாவது பித்தளையா இருக்கட்டுமேன்னு பின் பம்பருக்கு பிராக்கெட் வைக்க உக்காந்தேன். பிளக்ஸ் தடவி, சால்டரிங் அயர்ன 350 டிகிரில வச்சு, பிராக்கெட்ட ஒட்டி அழுத்தினேன். பித்தளை உருகறதுக்கு 900 டிகிரிக்கு மேல வேணும், அயர்னால அத ஒண்ணும் பண்ண முடியாது. இந்த பம்பரு நான் பாத்துட்டு இருக்கறப்பவே நடுவுல லேசா தொய்ஞ்சுது, அடுத்த நொடி வெள்ளையா பளபளன்னு ஒரு சொட்டு திரண்டு டைல்ஸ் மேல விழுந்து உருண்டுச்சு, மேல பூசியிருந்த தங்கக் கலர் முலாம் மட்டும் காலிக் கூடா சுருங்கி நிக்குது. ரசம் இல்லாம ஈயச்சொம்ப (அது வெள்ளீயம்) வெறும் அடுப்புல ஏத்தினா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் தெரியும், அதே கதிதான்.

போன் போட்டேன். "தம்பி சூடு ஜாஸ்தி வச்சுட்டீங்க" ன்னாரு. அண்ணே பித்தளை அயர்ன் சூட்டுல உருகுமான்னு கேட்டா "குரோம் போட்டுட்டா எல்லாம் ஒண்ணுதான் தம்பி, யாரு ஒரசிப் பாக்கப் போறா" ன்னாரு. அடுத்த போன்ல "என்னையே சப்ளையர் ஏமாத்திட்டான்". கையாலயே செஞ்சேன்னு சொன்னவருக்கு சப்ளையர் எங்கேர்ந்து வந்தாருன்னு கேட்டேன், அதோட பிளாக்கு.

நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு கடையற ஒரு அண்ணன் பழக்கம், அவர்கிட்ட மிச்ச சாமான கொண்டு போனேன். அவரு ஒண்ணும் பெருசா ஆராய்ச்சி பண்ணல, ஒரு வீல் கப்ப சிமெண்ட் தரைல சுண்டிப் போட்டாரு, டொக்குனு விழுந்துச்சு. பக்கத்துல கெடந்த பித்தளைத் துண்டு ஒண்ண போட்டாரு, கிணுங்குனு துள்ளுச்சு. "பித்தளைன்னா சத்தம் குடுக்கணும்ப்பா". அப்பறம் பின்பக்கம் அரத்தால நாலு இழுப்பு இழுத்தாரு, மஞ்சத் தோலு போயி சாம்பக் கலரு வந்துச்சு, அரத்தோட பல்லு பூரா மாவா அடைச்சுகிச்சு. பித்தளைத் தூளு பொடிப்பொடியா உதிரும், இது அப்பிக்கும். தேச்ச எடத்த வெள்ளைப் பேப்பர்ல கோடு இழுத்தா பென்சில் மாதிரி சாம்பக் கோடு விழுது, ஈயம் கூடுதலா இருந்தா அப்படி விழும். நகைக்கு டச் பாக்கற கடைலயும் தேச்ச பக்கத்த மிஷின்ல காட்டினோம், ஈயமும் வெள்ளீயமும்தான், பித்தளைல இருக்க வேண்டிய செம்பும் துத்தநாகமும் பேருக்குக்கூட இல்ல. அந்த பிரிண்ட்அவுட்டு இப்ப கம்ப்ளைன்ட்ல இருக்கு. அந்த அரத்த எடுத்துட்டு தெரிஞ்ச பத்தர் பட்டறைக்கு போனா அவரு உள்ளயே விடல, தங்கத்துல துளி ஈயம் சேந்தாலும் நகை ஒடையும், அவர் பயம் அவருக்கு.

காசு போனதவிட எனக்கு கோவம் எதுலன்னா, இத பித்தளைன்னு நெனச்சு நாம வீட்டு ஹால்ல உக்காந்து அரம் போடுவோம், எமரி தேய்ப்போம், அந்தத் தூளு பூரா ஈயம். கொழந்தைங்க தரைல தவழற வீடு, அதே கைய வாய்ல வைக்கும். ஈயம் ஒடம்புக்குள்ள போனா கொழந்தைங்களுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வெள்ளை உலோக வார்ப்பு, அதாவது ஈயம் வெள்ளீயம் கலந்ததுன்னு சொல்லி வித்தா நான் வாங்கியிருக்கலாம், வாங்காம போயிருக்கலாம், ஆனா மாஸ்க் போட்டு, ஈரத்துல தேச்சு, கைய சோப்பு போட்டு கழுவியிருப்பேன்ல.

அதனால யார்கிட்ட வாங்கினாலும் காந்த வீடியோவ நம்பாதீங்க, மறைவான ஒரு எடத்துல அரம் போட்டு உள்ள என்ன கலருன்னு காட்டச் சொல்லுங்க, தரைல போட்டு சத்தத்தோட வீடியோ கேளுங்க, கைவேலைன்னு சொன்னா பாதி வேலைல இருக்கற போட்டோ கேளுங்க, சால்டர் வழிஞ்சு அசிங்கமா இருக்கற ஸ்டேஜ். நிஜமா செய்யறவங்ககிட்ட அந்த மாதிரி போட்டோ போன் நெறைய இருக்கும்.

கம்ப்ளைன்ட் பத்தி கேக்கறவங்களுக்கு: முதல்ல 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண், அதுல பதிஞ்சாச்சு. ஸ்பீட் போஸ்ட்ல ஒரு நோட்டீஸும் போயிருக்கு. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி விக்கிறவரு எந்த ஊர்ல இருந்தாலும் நாம இருக்கற ஊருலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே பேசலாம். காசு வாங்கிட்டு சாமானே அனுப்பாம கம்பி நீட்டினவங்க யாராவது இருந்தா 1930க்கு ஒடனே போடுங்க, எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்த மடக்க வாய்ப்பு.

வண்டி நிக்கல. வீல் கப்ப பம்ப்செட் வேலை பண்ற ஒரு லேத் பட்டறைலயே பித்தளை ராடுல கடைஞ்சு வாங்கிட்டேன், கடைகூலி அந்த 14,000த்துக்கு கிட்டகூட வரல. கிரில்லுக்கு 0.3 மில்லி தகட்ட பட்டை பட்டையா வெட்டி, எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி வைஸ்ல கடிக்க வச்சு, பத்தர் ரம்பத்தால பாதி ஆழம் வரைக்கும் ஒரே இழுப்பா காடி அறுத்துட்டிருக்கேன், குறுக்குப் பட்டையும் நெடுக்குப் பட்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்துடும், பின்னாடி துளி சால்டர் போதும். மார்க் 2 கட்டம் அதுலதான் ஒழுங்கா வருது.

இவர்கிட்ட ஏற்கெனவே வாங்கினவங்க வீல் கப்ப எடுத்து நடு குமிழ் பக்கத்துல அந்த மரு இருக்கான்னு பாருங்க. இருந்தா அத தேய்க்காதீங்க, குரோமுக்கும் குடுக்காதீங்க, அப்படியே போட்டோ எடுத்து, பேமென்ட் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் சாட்டு எல்லாத்தையும் அழிக்காம வச்சுகிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, ஆணையத்துல ஒரே சமயத்துல ஆளுக்கொரு மனுவா குடுத்துடலாம்.